காட்டுகிற பிள்ளை

மெரினாவுக்குப் பிறவியிலேயே பெரிய தொண்டை. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவளுடைய அப்பா யேசுதாசன் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், மேல்மலையில் நிற்கும் அவருக்குச் சேதி சொல்ல யாரும் ஏறிப் போக வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் லயத்தின் வாசலில் நின்று சின்ன மெரினா ஒரு சத்தம் வைப்பாள். மலை முழுக்கக் கேட்கும். "ஒங்க மக கோயில் மணிய முழுங்கிட்டாளா?" என்று மற்ற வெட்டுக்காரர்கள் யேசுதாசனைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள்: காதுக்குள்ளே குசுகுசுவென்று பேசுகிற உத்தியோகம்!

இரத்தினபுரி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் சின்னதாக ஓர் அறை. கதவில் ‘குடும்ப உளவளத்துணை’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். தோட்டத்துச் சனங்கள் அவ்வளவு நீளத்துக்குப் போகவில்லை. ‘போன் மிஸ்’ என்று முடித்துவிட்டார்கள். ஓயாமல் கத்துகிற பிள்ளை, கடிக்கிற பிள்ளை, தூங்காத பிள்ளை, அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோன அம்மா என்று எங்கெங்கோ மலைக்கு மேலே இருக்கும் குடும்பங்கள். அவர்கள் பஸ் ஏறி டவுனுக்கு வந்தால் அன்றைய வேலைக்குப் பேர் பதியாது, சம்பளமும் போய்விடும். அதனால் மெரினா வீடியோவில் போகிறாள்.

முறை இதுதான். அம்மா போனை அரிசி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, பாயில் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாட வேண்டும். ஒரு காதில் இயர்போன். மெரினா அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டு, அம்மாவின் காதில் மட்டும் சொல்லிக்கொடுப்பாள். "செரட்டைய அடுக்குறா, பாருங்க. அடுக்குறான்னு வாய்விட்டுச் சொல்லுங்க. கேள்வி கேக்காதீங்க. இப்ப தட்டிக் குடுங்க." பிள்ளைக்கு மெரினாவின் சத்தம் கேட்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம், அம்மா திடீரென்று நல்ல மாதிரி பேசுகிறாள் என்பதுதான். ஒரு நாளைக்கு ஐந்தே நிமிஷம் அப்படி விளையாடினால் போதும். பிள்ளை மாறும், அதற்கு முன்னால் அம்மா மாறுவாள். மெரினா இதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

குருவிட்டவில் அவள் குடியிருக்கும் பக்கத்தில் இதை யாரும் வேலை என்று ஒத்துக்கொள்ளவில்லை. "போன்ல படம் பாக்குறதுக்குச் சம்பளமா?" என்று பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா ஸுபைதா தாத்தா வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். புருஷன் ரெஜினோல்ட் த்ரீவீல் ஓட்டுகிறவன். அவனுக்கு வேறு மனக்குறை. "ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் மெதுவாப் பேசச் சொல்லிக் குடுக்குற. நம்ம வீட்டுலயும் யாராச்சும் ஒன் காதுல இயர்போன் மாட்டி விட்டா நல்லாத்தான் இருக்கும்" என்பான். மெரினா கரண்டியைத் தூக்குவாள். அவன் சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

வேலையில் அவள் கெட்டிக்காரி, அதில் சந்தேகமே வேண்டாம். திரையில் ஒரு லயத்துச் சுவர் தெரிந்தால் போதும், அந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை காது இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். லயத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒபிஸுக்குப் பொறுப்பான டொக்டர் ஆதிலாவிடம் ஒருமுறை அப்படியே சொல்லியும் இருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கலவான பக்கத்தில், தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டமொன்றிலிருந்து விஜயகலாவின் குடும்பம் வந்தது அந்த மாரியில்தான். விஜயகலா கொழுந்து எடுக்கிறவள். புருஷன் கிருஷ்ணராஜ் குருவிட்டவில் மாணிக்கக் குழியில் வேலை. மாதத்தில் ஓரிரண்டு தடவைதான் வீட்டுக்கு வருவான். மூத்தது நாலு வயதுப் பெண், பெயர் கேசினி. அடுத்தது கைக்குழந்தை, ஆண். தம்பி பிறந்ததிலிருந்து கேசினியைப் பிடிக்க முடியவில்லை என்று தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அம்மாமார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே கேசினி கடிக்காத பிள்ளை இல்லையாம்.

முதல்நாள் வீடியோவில் மெரினா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். சில நேரம் ரெக்கோட் பண்ணுவோம், டொக்டர் பார்த்து எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், வேறு யாருக்கும் காட்டமாட்டோம் என்றாள். விஜயகலா தலையை ஆட்டினாள். முகம் வெளிறிக் கிடந்தது. புதிதாக வரும் எல்லா அம்மாமாருக்கும் முதல்நாள் முகம் அப்படித்தான் இருக்கும் என்று மெரினா விட்டுவிட்டாள்.

"பிள்ளைய வரச் சொல்லுங்களேன், பாப்போம்."

பிள்ளை வந்தது. அப்பப்பா, என்ன லட்சணம்! எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, இரட்டைக் குடுமி, பெருநாளுக்குப் போடுகிற மாதிரி ரோஸ் கவுன். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, போனை நேராகப் பார்த்துச் சொன்னது:

"என் பேரு கேசினி."

மெரினாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளையா கடிக்கிறது!

அதற்குப் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தப் பாய், அந்த அரிசி டின், அந்த ரோஸ் கவுன். விளையாட்டுச் சாமானென்று வாங்கியது எதுவுமில்லை. சிரட்டை, மூடி, ரப்பர் கொட்டை. ஆரம்பத்தில் விஜயகலாவின் உடம்பு மரக்கட்டை போல விறைத்திருந்தது. போகப்போகத் தளர்ந்தது. "கொட்டைய வரிசையா வக்கிறீங்களே, அழகா இருக்கு" என்று மெரினா சொல்லிக்கொடுக்கிறதுக்கு முன்பே சொல்லத் தொடங்கினாள். குரல் இறங்கியது. சிரித்தாள். அவளுக்கு நல்ல சிரிப்பு. பிள்ளையோ சொன்னதைக் கேட்டது, கொடுத்ததை வாங்கியது, விளையாட்டு முடிந்ததும் சாமானை எடுத்து வைத்தது. மெரினா தன் வேலையை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டாள். மனுஷிதானே.

இரண்டு விஷயம் இடித்தது. ஒன்று, பிள்ளையின் மேல்கையில் பல் தடம். "யாரு கடிச்சது?" என்று கேட்டதற்கு, "அவளேதான் மிஸ்" என்றாள் விஜயகலா. தன்னைத்தானே கடித்துக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு, மெரினா குறித்துக்கொண்டாள். மற்றது, எங்கிருந்தோ வருகிற ஒரு சத்தம். சரக் சரக் என்று எதையோ உரசுகிற சத்தம். "பக்கத்துக் காம்பராவுல தேங்கா துருவுறாங்க மிஸ்." லயத்தில் சுவர் என்று ஒன்று இருப்பதே பெயருக்குத்தானே என்று மெரினா அதையும் விட்டுவிட்டாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குத் தேங்காய் துருவுகிற வீடு எது என்று அவள் கேட்கவில்லை.

இதற்கிடையில் பிள்ளைக்காம்பரா டீச்சர் போனில் அழைத்தார். "மிஸ், கேசினி நேத்தும் ஒரு புள்ளயக் கடிச்சிட்டா. முந்தியவிட இப்ப மோசம்ங்க." மெரினாவுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "டீச்சர், நான் வாராவாரம் கண்ணாலப் பாக்குறேன். தங்கமான புள்ள. நீங்கதான் அவளுக்கு முத்திர குத்தி வச்சிருக்கீங்க. எது நடந்தாலும் அவ தலையிலயே போடுறீங்க!" பழைய ரப்பர்மலைத் தொண்டை அப்படியே வெளியே வந்துவிட்டது. கீழே துணிக்கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம். டீச்சர் பாவம், "சரிங்க மிஸ்" என்று வைத்துவிட்டார்.

டொக்டர் ஆதிலா ரெக்கோட் ஒன்றைப் பார்த்தார். அமைதியான மனுஷி. "அம்மா நல்லா வந்திருக்காங்க. பிள்ளையிலயும் ஒண்டும் தெரியல. இன்னொரு தடவ பாத்துட்டு ஃபைல மூடிருங்க மெரினா. காத்துக்கிட்டிருக்கிற குடும்பங்கள் நிறைய" என்றார். அது நியாயமான பேச்சு. ஃபைல் மூடினால் மூடியதுதான். பிறகு கேசினியின் முறை திரும்பி வர ஒரு வருஷமாவது ஆகும். அந்த ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயது வந்துவிடும். ஆனால் தேறின பிள்ளைக்கு எதற்கு இன்னொரு முறை?

கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலால் மெரினா விஜயகலாவின் காதில் பேசிக்கொண்டிருந்தாள். இன்றோடு முடிகிறது என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது. விஜயகலாவின் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கிய களை. பிள்ளை சிரட்டைக்குள் கொட்டை போட்டுக்கொண்டிருந்தது. பின்னால் கட்டில், கட்டிலிலிருந்து தரைவரை தொங்கும் பூப்போட்ட போர்வை. சரக் சரக் சத்தம் மழையிலும் கேட்டது. பிறகு நின்றது.

போர்வைக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் கை வந்தது.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அடுத்தது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் கொட்டையைச் சிமெந்துத் தரையில் உரசு உரசு என்று உரசினால் நெருப்பாகச் சுடும். அதை அடுத்தவன் தொடையில் அழுத்தி ஓடிப் போவது அங்கே பிள்ளைகளின் பரம்பரை விளையாட்டு. மெரினாவின் காலிலும் அந்த வடு இருக்கிறது. அந்தச் சின்னக் கை, ரோஸ் கவுனுக்குக் கீழே தெரிந்த குதிக்காலைத் தேடிப் பிடித்து, வைத்தது பாருங்கள் ஒரு சூடு!

"அம்மாஆஆ!"

அலறிக்கொண்டு எழுந்த பிள்ளை ஓடியது. எங்கே ஓடியது? இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்த விஜயகலாவைத் தாண்டி, அவள் தோளைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடியது. அடுத்த நொடியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல்: "என்னடா தங்கம்? யாரு என் நிருஷாவுக்கு என்னா செஞ்சது? அந்தக் கேசினி சனியனா?"

வலித்த பிள்ளை தன் அம்மாவைத் தாண்டி ஓடாது. ஓடவே ஓடாது. போர்வை விலகியது. பறட்டைத் தலையும் மூக்குச்சளியுமாக ஒரு பிள்ளை கட்டிலுக்கடியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, அம்மாவைப் பார்த்தது. விஜயகலா போனைப் பார்த்தாள். போன் இருண்டுவிட்டது.

"அடிப் பாவி!" என்றாள் மெரினா, இருண்ட திரையைப் பார்த்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறாள். முழுப் பிள்ளையைக் கட்டிலுக்கடியில் மறைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கி உட்கார வைத்து, வாராவாரம்! அவளுக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. பிள்ளைக்காம்பரா டீச்சரிடம் தான் போட்ட சத்தம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பல் தடம் யாருடையது என்றும் இப்போது புரிந்தது.

பிறகு ஒன்று நினைவுக்கு வந்து கோபமும் போய்விட்டது. சரக் சரக் சத்தம் முதல் வாரத்திலிருந்தே இருந்தது. அப்படியென்றால் கேசினி முதல் வாரத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறாள். தன் அம்மா பாயில் உட்கார்ந்து, தான் கேட்டேயிராத நல்ல குரலில், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வேறொரு பிள்ளையோடு சிரித்து விளையாடுவதைப் போர்வை இடுக்கால் பார்த்துக்கொண்டு. அந்தக் குரலை விஜயகலாவுக்குச் சொல்லிக்கொடுத்தது மெரினா.

‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பார்கள். தன் பிள்ளை கட்டிலுக்கடியில் எப்படி வளர்கிறது என்று சொன்னவர்கள் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மெரினா யோசித்துக்கொண்டே போனாள். எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? தெரிந்திருக்க வேண்டிய ஆள் அவள்தானே. சின்ன வயதில் அவளுடைய தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால், முதல்நாளே லயத்துக்குச் சொல்லியனுப்புவார்கள். சொறி, சிரங்கு, சளி உள்ள பிள்ளைகளை அன்றைக்கு அனுப்ப வேண்டாம். கொழுக்மொழுக்கென்று இருப்பதை அனுப்புங்கள். காட்டுகிற பிள்ளை என்று அதற்குப் பெயர். சுருட்டை முடியும் பெரிய கண்ணுமாக இருந்த மெரினாதான் எப்போதும் காட்டுகிற பிள்ளை. கவுன் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, பிஸ்கட் வாங்கியிருக்கிறாள். காட்டாத பிள்ளைகள் அன்று எங்கே இருந்தார்கள் என்று அவள் நினைத்ததேயில்லை. அதுவும் முன்வரிசையிலிருந்து பார்த்தால் எங்கே தெரியப்போகிறது?

டொக்டர் ஆதிலாவுக்குப் போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். டொக்டர், "அப்ப நாம இன்னும் தொடங்கவே இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஃபைல் மூடப்படவில்லை. ஆனால் விஜயகலா திரும்ப வந்தால்தானே? அவள் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. வராவிட்டால் கேசினிக்கு அந்தக் கட்டிலுக்கடிதான்.

மெரினா வட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டாள். தன் தொண்டையை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி.

"தங்கச்சி, நான் ஏசுறதுக்குப் பேசல. நான் யார்ட்டயும் புடிச்சுக் குடுக்கிற ஆளும் இல்ல. நீங்க பயந்துதான் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும். நாளைக்கிப் பின்னேரம் நான் ஒபிஸ்ல இருப்பேன். கேசினியோட வீடியோவுல வாங்க. தல சீவ வேணாம், கவுன் வேணாம். இருக்கிற மாதிரியே வாங்க."

மறுநாள் சனிக்கிழமை, ஒபிஸ் இல்லாத நாள். ரெஜினோல்டே த்ரீவீலில் கொண்டுபோய் விட்டான். வழக்கமான கேலி எதுவும் அவன் சொல்லவில்லை. மெரினா மேசைக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் போன் அடித்தது. வீடியோ இல்லை, குரல் மட்டும். விஜயகலா தண்ணித் தாங்கிக்குப் பக்கத்திலிருந்து பேசினாள். லயத்துக் காதுகளுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

"மிஸ், கோவிச்சுக்கிறாதீங்க மிஸ்."

"இல்லம்மா. சொல்லுங்க."

"போன வருஷம் அடுத்த டிவிஷன்ல ஒரு புள்ளய, புள்ளப் பாதுகாப்பு ஒபிஸ்காரங்க வந்து ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க மிஸ். தாய் அடிக்கிறான்னு யாரோ சொல்லிட்டாங்களாம். இன்னும் திருப்பித் தரல. நீங்க ரெக்கோட் பண்றேன்னு சொன்னீங்க. எம்புள்ள ஒங்க முன்னால கடிச்சு, கத்தி, நான் பழக்கத்துல கைய ஓங்கிட்டா..." அவள் அழுதாள். "நானும் அடிச்சிருக்கேன் மிஸ். இல்லன்னு சொல்லல. பக்கத்து ஜெசிந்தா அக்காதான் சொன்னாங்க, நம்ம நிருஷா கெட்டிக்காரி, அவள ஒக்கார வையி, போனுக்கு என்னா தெரியப்போகுதுன்னு."

"அந்த ஜெசிந்தா புள்ளயத்தானே கேசினி கடிச்சா?"

"ஆமா மிஸ். அன்னக்கிக் காலையில பீலியில தண்ணி புடிக்கிறப்ப நானும் அவங்களும் சண்ட புடிச்சோம். பின்னேரம் அவங்களே தல சீவி அனுப்பினாங்க."

இதுதான் லயம். மெரினாவுக்கு மறுபடியும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ரெக்கோட் என்ற சொல்லைத் தான் அத்தனை லேசாகச் சொன்னதும் நெஞ்சில் குத்தியது. "தங்கச்சி, நான்தான் அந்த ரெக்கோட் சமாச்சாரத்த ஒழுங்கா விளங்கப்படுத்தல. இனி ஒண்டும் பதிய மாட்டேன். கேசினி எங்க இப்ப?"

"கட்டிலுக்கடியில. நேத்துலேருந்து வெளிய வர மாட்டேங்குறா. சோத்தையும் உள்ள தள்ளி விட்டுத்தான் குடுத்தேன். நான் இழுத்துக்கிட்டு வரட்டா மிஸ்?"

"ஐயையோ, இழுக்காதீங்க! தம்பிய ஜெசிந்தாகிட்டக் குடுங்க. வீடியோவப் போட்டு, போன கொண்டுபோயி தரையில வைங்க. நீங்களும் தரையில படுங்க."

திரையில் இப்போது அரிசி டின் இல்லை. சிமெந்துத் தரையும், கட்டில் காலும், தூக்கிச் செருகிய போர்வையும், உள்ளே இருட்டும் தெரிந்தன. விஜயகலா கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தாள், காதில் இயர்போனோடு. இருட்டுக்குள் சரக் சரக்.

"கூப்பிட வேணாம்" என்றாள் மெரினா அவள் காதில். "வான்னு சொல்ல வேணாம். என்ன செய்யிறாளோ அத மட்டும் சொல்லுங்க. நிருஷாவுக்குச் சொன்னீங்கள்ல, அதே மாதிரி."

விஜயகலா இருட்டுக்குள் பார்த்தாள். "கேசினி... கொட்டைய உரசுறா" என்றாள்.

சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

"ரெண்டு கையாலயும் உரசுறா. அழுத்தி உரசுறா. அம்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

இருட்டிலிருந்து கை வந்தது. கொட்டை விஜயகலாவின் புறங்கையில் அழுந்தியது. அவளுடைய உடம்பு துள்ளியதை மெரினா பார்த்தாள். மற்றக் கை தானாகவே ஓங்கி எழுந்ததையும் பார்த்தாள்.

"கைய எறக்குங்க. மெதுவா. கத்தாதீங்க. சுட்டா சுடுதுன்னு சொல்லுங்க, அது உண்மதானே."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கித் தரையில் படிந்தது. "சுடுது" என்றாள் விஜயகலா. கண்ணில் தண்ணீர் முட்டியது. "அம்மாவுக்கு வலிக்குதுடி."

கட்டிலுக்கடியில் நீண்ட நேரம் அசைவில்லை. அடி விழும் என்று காத்திருந்திருக்கும் பிள்ளை. விழாத அடியை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக முகம் வெளிச்சத்துக்கு வந்தது. உதட்டைக் குவித்து அம்மாவின் புறங்கையில் "ஃபூ, ஃபூ" என்று ஊதியது. மெரினா இந்தப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊதி விடுறீங்க" என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொன்னாள் விஜயகலா. "அம்மாவுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

கேசினி முழுதாக வெளியே வந்தாள். அப்போது அவள் செய்த காரியத்தை மெரினா சாகும்வரை மறக்கமாட்டாள். நேராகப் பாய்க்குப் போனாள். நிருஷா உட்காருகிற அதே இடத்தில், அதே மாதிரி சம்மணம் போட்டாள். எச்சிலைத் தொட்டுப் பறட்டைத் தலையை இரண்டு பக்கமும் வழித்துவிட்டாள். கையை மடியில் வைத்தாள். தரையில் கிடந்த போனை நேராகப் பார்த்தாள்.

"என் பேரு நிருஷா" என்றாள்.

அம்மா விளையாடுவது நிருஷாவோடு. அப்படியானால் அம்மா விளையாட வேண்டுமென்றால் நிருஷாவாக வேண்டும். தன் பெயரைத்தான் அவள் எடுத்துக்கொண்டாளே. அவளுடைய பெயரைத் தான் எடுத்துக்கொண்டால் போகிறது. நாலு வயதுப் பிள்ளை போர்வைக்குள் கிடந்து போட்ட கணக்கு இது. வாராவாரம் காத்திருந்து, தன் முறை வந்ததும் ஒழுங்காக ஒப்பித்துவிட்டது.

விஜயகலா காதில் கையை வைத்துக்கொண்டு மிஸ் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். மெரினா வாயைத் திறந்தாள். மலை முழுக்கக் கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எத்தனை பயிற்சி, எத்தனை பாடம். இதற்கு எந்தப் பாடத்திலும் ஒன்றுமில்லை.

விஜயகலா இயர்போனைக் கழற்றிக் கீழே போட்டாள். முழங்காலாலேயே நகர்ந்து பாய்க்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சாமி. நீ நிருஷா இல்ல. நீ கேசினி. எம்புள்ள கேசினி. அம்மா தப்புப் பண்ணிட்டேன்டி."

"நிருஷா வருவாளா?"

"இன்னக்கி வர மாட்டா. இன்னக்கி நீதான்."

"நாளைக்கி?"

"நாளைக்கும் நீதான். எப்பயும் நீதான்."

கேசினி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய்யா நிஜமா என்று பார்க்கிற பார்வை அது. பிறகு அம்மாவின் நெஞ்சில் சாய்ந்துகொண்டு, போனைப் பார்த்து, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"என் பேரு கேசினி."

அந்த வார்த்தையை மெரினா எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறாள். சொல்ல வேண்டியவள் சொல்லி இன்றைக்குத்தான் கேட்டாள்.